கால்கள் தெரிய வேண்டும்

தொண்ணூற்றாறாம் பக்கத்தில் மனைவி செத்துப்போயிருந்தாள். பிலிப்ராஜ் அவளைக் கொல்லவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே மறுபடி படித்தான். மூன்று நாள் காய்ச்சல். மலையில் டாக்டர் இல்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் போய்விடுகிறார்கள். புருஷன் மட்டும் குழியருகில் நிற்கிறான்.

அவன் எழுதி அனுப்பிய முடிவு வேறு. இரண்டு மணி பஸ் வருகிறது. மனைவி இறங்குகிறாள். "பசிக்கிறது" என்கிறாள். புருஷன் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொள்கிறான். அவ்வளவுதான்.

"புஸ்தகம் நல்லா போட்டுக்கீறாங்களா சார்?" என்றார் கண்டக்டர் துரைக்கண்ணு. மாத நாவலின் ஐந்து பிரதிகளைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான்.

"கொன்னுட்டாங்க துரைக்கண்ணு."

"யாரை சார்?"

"அவளை."

துரைக்கண்ணு பின்கழுத்தைச் சொறிந்துகொண்டார். பிறகு விசில் ஊதினார். பஸ் ஆலங்காயத்துக்குத் திரும்பியது.

பிலிப்ராஜுக்கு ஜமுனாமரத்தூர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. மலைக்காரர்கள் கொண்டுவரும் புளியையும் கடுக்காயையும் தேனையும் எடைபோட்டு வாங்கி ரசீது எழுத வேண்டும். சங்கத்தின் பின்னறைதான் வீடு. வீணாய்ப்போன ரசீதுகளின் முதுகில் கதை எழுதினான். ஆறு வருஷத்தில் நாற்பது சிறுகதையும் இரண்டு மாத நாவலும் வெளிவந்திருந்தன. எல்லாவற்றையும் போட்டது மெட்ராசில் ஒரே பதிப்பகம், ஒரே ஆசிரியர்.

அவன் மனைவி அன்னாள் ஆலங்காயத்துப் பெண். அவள் அப்பா அந்த ஊர் சந்தியாகப்பர் மாதாகோவிலில் உபதேசியாராக இருந்து ஓய்வுபெற்றவர்.

ஜனவரியில் அந்தப் பதிப்பகத்தின் வாரப் பத்திரிகையில் பிலிப்ராஜின் கதை வந்தது. அதில் மலைக்கு வாழ்க்கைப்பட்ட பெண் ஒருத்தி சொல்கிறாள்: 'இரண்டு மணி பஸ் திரும்பிப் போகும்போது தினமும் கொஞ்சம் அழுவேன். அப்புறம் உலை வைப்பேன்.'

அன்னாள் அதை அடுப்பங்கரையில் நின்று படித்தாள்.

"இது நான் உங்ககிட்ட சொன்னது."

"பேரை மாத்தியிருக்கேனே."

"சாமை பொடைச்சுக்கிட்டே ஒரே ஒரு வாட்டி சொன்னேன். எங்க அம்மாகிட்டகூடச் சொன்னதில்ல."

"நல்ல வரி அன்னாள்."

அவள் இரண்டு புடவைகளைப் பையில் வைத்துக்கொண்டாள். பஸ் படியில் நின்று, "என்னைக் கூப்பிட வராதீங்க" என்றாள். பிலிப்ராஜ் அதை அப்படியே நம்பினான். எழுத்தாளன் என்பதால் வார்த்தைகளை நம்பும் பழக்கம் அவனுக்கு இருந்தது.

மூன்று கடிதங்கள் எழுதினான். மூன்றும் பிரிக்கப்படாமல் திரும்பின. மூன்றாவது உறையின் முதுகில் அவள் கையெழுத்து இருந்தது: 'இதையும் எங்கேயாவது போட்டுவிடுங்கள்.'

கடிதத்தை அவள் வாங்க மாட்டாள். மாத நாவலை வாங்காமல் இருக்க அவளால் முடியாது. ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் கயிற்றில் தொங்கும் எந்தப் புத்தகத்தையும் அவள் விட்டுவைத்ததில்லை. ஆகவே மன்னிப்பை நாவலாக எழுதுவது என்று முடிவு செய்தான்.

நாற்பது நாள் எழுதினான். சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. நாவலுக்கு வேண்டியது தொண்ணூற்றாறு பக்கம். மீதியை மழையையும் மாமனாரையும் வைத்து நிரப்பினான். மலைத் தபால் ஆபீசில் போட்டால் எப்போது இறங்குமோ தெரியாது. ஆலங்காயத்தில் போடச் சொல்லித் துரைக்கண்ணுவிடம் கட்டைக் கொடுத்தான். எப்போதும் அவரிடம்தான் கொடுப்பான்.

இப்போது அவள் கயிற்றிலிருந்து எடுத்துப் படிக்கப்போகிற புத்தகத்தில் அவளை அடக்கம் செய்திருந்தார்கள்.

ஆசிரியருக்கு அன்றே எழுதினான். 'என் முடிவை மாற்றியது யார்?'

பத்து நாளில் கார்டு வந்தது. 'ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. முடிவு பிரமாதம். புரூஃப் பார்ப்பவர் அழுதுவிட்டார்.'

எந்த ஆசிரியரும் எதையும் மாற்றியதாக ஒப்புக்கொண்டு அவன் பார்த்ததில்லை. கார்டைக் கிழித்துப் போட்டான்.

அவனை உறுத்தியது இன்னொன்று. நாவலின் கடைசி வரி இது: 'மண் விழும்போதும், இதை எப்படி எழுதலாம் என்றுதான் அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.' மொத்த நாவலில் நல்ல வரி அதுதான். அது அவனுடையது இல்லை.

சங்கத்தில் எடை போடுபவன் சடையன். எட்டாவது வரை படித்தவன். ஒரு பிரதியை எடுத்துப்போய் டீக்கடையில் உரக்கப் படித்தான். மறுநாள் காலை புளிக்கூடையோடு குப்பம்மாள் வந்தாள். பின்னால் பத்துப் பெண்கள். கூடைகளை இறக்கிவைத்துவிட்டு வட்டமாக உட்கார்ந்து அழத் தொடங்கினார்கள்.

"இன்னா குப்பம்மா இது?"

"மவராசி பூட்டாளே சார். எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"அவ ஆலங்காயத்துல நல்லா இருக்கா."

குப்பம்மாள் சடையனைப் பார்த்தாள். சடையன் தொண்ணூற்றாறாம் பக்கத்தைத் திறந்து காட்டினான்.

"அது கதை" என்றான் பிலிப்ராஜ்.

"அச்சுல கீதே."

"அச்சுல இருந்தா நெசமாயிடுமா?"

"நீதான சார் சொல்வ? எடை கொறையுதேன்னு நான் கேட்டா, ரசீதைப் பாரு, வாயால சொல்றதெல்லாம் கணக்குல வராது, எழுத்துல கீறதுதான் கணக்குன்னு."

வாரந்தோறும் அவன் சொல்வதுதான்.

செத்தவளுக்கென்று ஆளுக்கொரு படி சாமை கொண்டுவந்திருந்தார்கள். வேண்டாம் என்றான். துக்கத்தில் சொல்கிறான் என்று வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு மாதம் சாமைச் சோறு தின்றான். அன்னாள் அதில் பூண்டு தட்டிப் போடுவாள். எவ்வளவு போடுவாள் என்று அவன் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

தினமும் இரண்டு மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் நின்றான். இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். கடைசி ஆள் இறங்கிய பிறகும் படியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"உள்ள யாரும் இல்ல சார்" என்பார் துரைக்கண்ணு.

"தெரியும்."

செப்டம்பரில் ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. தீபாவளிக்குத் தொகுப்பு போடுகிறார்கள். பன்னிரண்டு எழுத்தாளர்கள், ஆளுக்கு ஒரு கதை, ஆறு பக்கம்.

பிலிப்ராஜ் யோசித்தான். நாவல் பெரியது. கை வைக்க இடம் இருந்தது, வைத்துவிட்டார்கள். ஆறு பக்கத்தில் எங்கே வைப்பார்கள்? மலைக்காரர்களுக்கும் ஒரு பதிலாகும். அவள் உயிரோடு நடந்து வீட்டுக்குள் வருவதாகவே எழுதிவிட்டால் அதுவும் அச்சில் வரும். அச்சில் வந்தால் கணக்கில் வரும்.

பதினோரு முறை எழுதினான். ஒவ்வொரு முறையும் வெட்டினான். மழை போனது. மாமனார் போனார். வெட்ட முடியாமல் நின்றவை ஒரு கதவும் அடுப்பும் ஒரு கேள்வியும். ஒருவன் சாயங்காலம் கதவைத் தாழிடுவதில்லை. ஒருநாள் அவள் வருகிறாள். அடுப்பைப் பற்ற வைக்கிறாள். "சாப்பிட்டீங்களா?" என்கிறாள்.

துரைக்கண்ணு கட்டை வாங்கிக்கொண்டார். "இது சின்னதா கீதே சார்?"

"சின்னதுதான் கஷ்டம்."

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு புத்தகம் வந்தது. அட்டையில் கூந்தலை விரித்துப்போட்ட ஒரு பெண். பின்னால் நிலா. மேலே சிவப்பு எழுத்தில், 'பன்னிரண்டு திகில் கதைகள்.'

மூன்றாவது கதை அவனுடையது. 'சாப்பிட்டீங்களா?' என்பதற்குப் பிறகு ஒரு பத்தி இருந்தது.

'அடுப்பு வெளிச்சத்தில்தான் அவன் பார்த்தான். அவளுக்குக் கால்கள் இல்லை. "புதைத்துவிட்டு எதற்குக் கதவைத் திறந்து வைக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.'

கூடவே ஆசிரியரின் குறிப்பு. 'சாதாரணக் குடும்பக் கதையோ என்று படித்துக்கொண்டு வந்தேன். கடைசிப் பத்தியில் தூக்கிவாரிப் போட்டது. தங்கள் கதைக்காகவே தொகுப்பைத் திகில் தொகுப்பாக்கிவிட்டோம். மற்ற பதினொரு பேரையும் ஆளுக்கொரு பேய் சேர்க்கச் சொல்லிவிட்டேன்.'

சடையன் இதையும் டீக்கடையில் படித்தான்.

மறுநாள் சங்கத்தின் வாசலில் வேப்பிலைக் கொத்தும் ஒரு பழைய செருப்பும் தொங்கின. பிலிப்ராஜ் அவிழ்த்தெறிந்தான். அடுத்த நாள் இரண்டு செருப்புகள் தொங்கின. மூன்று மணிக்கே சடையன் தராசைக் கட்டிவைத்தான்.

"எங்க போற? அஞ்சு மணி வரைக்கும் வேலை."

"நான் ஒண்ணும் பயப்படல சார். அம்மா வந்து அடுப்பு பத்தவெக்கற நேரத்துல நான் எதுக்கு நடுவுல?"

தேன் வரவில்லை. கடுக்காய் வரவில்லை. பெண்கள் சுற்றுவழியில் நடந்தார்கள். யாரோ மனு கொடுத்திருக்க வேண்டும். திருப்பத்தூரிலிருந்து மேலதிகாரியின் மெமோ வந்தது.

'பொருள்: சங்க அலுவலகத்தில் ஆவி நடமாட்டம். மேற்படி ஆவி தங்கள் மனைவி எனத் தெரியவருகிறது. ஏழு தினங்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.'

என் மனைவி உயிருடன் இருக்கிறாள் என்று விளக்கம் எழுதினான். பத்தாம் நாள் அடுத்த மெமோ வந்தது.

'மனைவி உயிருடன் இருப்பதற்கான சான்றை, அவரது கையொப்பத்துடன் இணைக்கவும்.'

"ஒரு கையெழுத்துதான சார்?" என்றான் சடையன். "போய் வாங்கினு வந்துடேன்."

பிலிப்ராஜ் சவரம் செய்துகொண்டான். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டான். கூப்பிடப் போகவில்லை, கையெழுத்து வாங்கத்தான் போகிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டான். பஸ் வந்தது. ஒரு கையில் மெமோ, ஒரு கால் படியில். பத்து மாதம் கழித்து அவள் முன்னால் போய் நின்று, 'நீ உயிரோடு இருப்பதற்கு ஒரு கையெழுத்து போடு' என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று யோசித்தான். கேட்டதும் எப்படி நிமிர்ந்து பார்ப்பாள் என்பதுகூடத் தெரிந்தது. புருவம் ஒன்று மட்டும் ஏறும்.

அதைக் குறித்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. காலை எடுத்துவிட்டான்.

"ஏறுங்க சார்" என்றார் துரைக்கண்ணு.

"இல்ல. சும்மா வந்தேன்."

"வெள்ளைச் சட்டையெல்லாம் போட்டுக்கினு?"

"சும்மாதான்."

துரைக்கண்ணு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வண்டி தெனமும் போவுது சார்" என்றார்.

அந்த வாரம் ஆசிரியர் படக்கதை கேட்டிருந்தார். பொங்கல் சிறப்பிதழ். முப்பத்திரண்டு பக்கம். 'தாங்கள் காட்டில்தானே இருக்கிறீர்கள், காட்டுக்கதையாக இருக்கட்டும்.'

படத்தை யாரும் தப்பாகப் படிக்க முடியாது. பிலிப்ராஜுக்கு அது பிடித்திருந்தது.

பக்கத்துக்கு ஆறு கட்டம். கட்டத்துக்கு ஒரு பேச்சுக் குமிழ். குமிழுக்குள் பத்து வார்த்தைக்கு மேல் போகாது. மனதில் நினைப்பதற்குத் தனியாகப் புகைக் குமிழ் உண்டு. ஆனால் ஒரு புத்தகத்துக்கு மூன்றுதான் என்று ஆசிரியர் கண்டிப்பாக எழுதியிருந்தார். பிலிப்ராஜின் ஆட்கள் எப்போதும் நினைத்துக்கொண்டே இருப்பவர்கள். இரண்டாம் பக்கத்திலேயே மூன்றும் தீர்ந்துவிட்டன. அதன் பிறகு அவர்கள் பேசத்தான் வேண்டியிருந்தது.

கதை எளிது. சந்தனக்கட்டை கடத்துகிறவர்கள் காட்டு ராணியைப் பிடித்துச் சமவெளிக்குக் கொண்டுபோகிறார்கள். அவள் அவர்களை அடித்துப்போட்டுவிட்டுத் தப்புகிறாள். மலை உச்சிப் பாறையில் நாயகன் தீப்பந்தத்தோடு நிற்கிறான், அவளுக்கு வழி தெரிவதற்காக. கடைசிக் கட்டத்தில் அவன் பேச வேண்டும். என்னென்னவோ எழுதிப்பார்த்தான். எதுவும் குமிழுக்குள் அடங்கவில்லை. அடித்து அடித்துக் கடைசியில் ஒரு வார்த்தை நின்றது.

'வந்துவிடு.'

பேனாவை மூடிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாவலில் இந்த வார்த்தை இல்லை. சிறுகதையில் இல்லை. மூன்று கடிதங்களிலும் இல்லை.

பிறகு முதல் பக்கத்தின் மேல், ஓவியருக்கு, சிவப்பு மையில் எழுதினான்: 'கதாநாயகியின் கால்கள் எல்லாக் கட்டத்திலும் தெரிய வேண்டும்.' இரண்டு முறை அடிக்கோடிட்டான்.

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் புத்தகம் வந்தது. ஓவியர் சொன்ன சொல்லைத் தட்டாதவர். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கட்டங்களில் அவள் எங்கெல்லாம் இருந்தாளோ அங்கெல்லாம் கால்கள் இருந்தன. சில கட்டங்களில் முகத்துக்கு இடம் போதவில்லை. கால்கள் இருந்தன.

பிலிப்ராஜ் அதைச் சங்கத்து வாசலில் விரித்து வைத்தான். பெண்கள் தள்ளி நின்றார்கள். குப்பம்மாள் மட்டும் கிட்டே வந்து குனிந்தாள். விரலை வைத்துக்கொண்டே போனாள்.

"கால் கீது. இதுல கீது. இதுலயும் கீது. கொலுசுகூடப் போட்டுக்குது." நிமிர்ந்தாள். "அம்மா உசுரோடதான் கீதுடி."

சடையன் வேப்பிலையை அவிழ்த்தான். செருப்புகளையும் அவிழ்த்தான். ஒன்று அவனுடையது. போட்டுக்கொண்டான்.

"கடைசிப் பக்கம் படி" என்றாள் குப்பம்மாள்.

சடையன் திருப்பினான். பாறை மேல் நாயகன். கையில் தீப்பந்தம். 'வந்துவிடு.'

மலையடிவாரத்தில் காட்டு ராணி. இடுப்பில் ஒரு கை. அவளுக்கு எதிரே பிலிப்ராஜ் எழுதாத ஒரு குமிழ். சடையன் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தான்.

'எனக்குக் கால் இருக்கிறது. உங்களுக்கு?'

குப்பம்மாள் சிரித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அழுதபோது உட்கார்ந்திருந்த அதே வட்டத்தில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

"சரியாத்தான கேக்குது" என்றாள் குப்பம்மாள். "ஏன் சார், நீ ஏன் போய்க் கூப்பிடல?"

"கூப்பிட வராதீங்கன்னு சொல்லிட்டா."

"எழுத்துல குடுத்துச்சா?"

"வாயாலதான் சொன்னா."

"அப்போ கணக்குல வராதே சார்."

பிலிப்ராஜ் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனான். காட்டு ராணி எவளாவது 'உங்களுக்கு' என்பாளா? 'உனக்கு' என்றல்லவா சொல்வாள்? பேச்சு தெரியாத ஒருவன் மெட்ராசில் உட்கார்ந்துகொண்டு மூன்று தடவை பிலிப்ராஜின் வாயை அடைத்துவிட்டான். அவளைக் கொன்றான், பேயாக்கினான், இப்போது அவனைப் பார்த்துக் கால் இருக்கிறதா என்று கேட்கிறான்.

நாவலின் கரட்டுப்பிரதி, சிறுகதையின் பதினோரு பிரதிகள், படக்கதையின் கட்டங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டான். விடுப்புக் கடிதம் எழுதிச் சடையனிடம் கொடுத்தான். இரண்டு மணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான். ஏறியது ஒரு வருஷத்தில் அதுதான் முதல் முறை. துரைக்கண்ணு இரண்டு விசில் சேர்த்து ஊதினார்.

காவலூர் தாண்டியது. வானாராய்ச்சிக் கூடத்தின் வெள்ளைக் கூரை மரங்களுக்கு மேல் தெரிந்து மறைந்தது. வளைவுகளில் பஸ் சாய்ந்தது. ஆலங்காயத்துப் புளியமரங்கள் தெரிந்ததும் பிலிப்ராஜ் மறுபக்கத்து ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். உபதேசியார் வீடு சாலையோரம்தான்.

துரைக்கண்ணு கடைசியாக அவனிடம் வந்தார். "எங்க சார்?"

"வாணியம்பாடி. ரயில் பிடிச்சு மெட்ராஸ் போறேன்."

"மெட்ராஸ்ல இன்னா வேலை?"

"மூணு வாட்டி என் கடைசிப் பக்கத்தை எடுத்துட்டு வேற எழுதியிருக்கான் ஒருத்தன். அவன் யாருன்னு தெரிஞ்சே ஆகணும்."

"தெரிஞ்சா இன்னா பண்ணப் போறீங்க? அடிக்கப் போறீங்களா?"

பிலிப்ராஜ் மடியிலிருந்த பையைப் பார்த்தான்.

"என்னைவிட நல்லா எழுதறான் துரைக்கண்ணு" என்றான். "அதைச் சொல்லணும்."

துரைக்கண்ணு நீளமாக விசில் ஊதினார். பஸ் நின்றது.

"அப்போ இங்கியே எறங்கிடுங்க சார், கடைசிப் பக்கம் எழுதறவங்க உங்க மாமனார் வூட்டுலதான் கீறாங்க."